கொழுத்த பிள்ளையும் வெளிறிய இமையும்: திருகோணமலையில் ஒரு நிறைக் கவலையின் ஆய்வு

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்காகத் திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றுப் பகுதியிலிருந்து கிளினிக்குக்குக் கொண்டுவரப்பட்ட ஆண் குழந்தை ஒன்றின் பெற்றோர் ஊசியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் நிறை மூன்று மாதமாகப் பெரிதாக ஏறவில்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கொழுத்த பிள்ளையென்று உணவைக் குறைத்திருந்த அவர்கள் அதை ஒரு வெற்றியாகவே சொன்னார்கள். நிறை பார்த்த குடும்பநல உத்தியோகத்தருக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. கிளினிக் கொப்பியில் ஆறாம் மாதம் வரை நிமிர்ந்து ஏறிய கோடு அதன்பின் தரையோடு படுத்துக்கிடந்தது. வைத்திய அதிகாரியான என்னிடம் அனுப்புவதற்கு அவருக்கு அந்தக் கோடே போதுமாயிருந்தது.

இங்கே விவரிக்கப்படும் குடும்பம், இப்பகுதிக் கிளினிக்குகளில் அடிக்கடி காணக்கூடிய நிலைமைகள் சிலவற்றைச் சேர்த்து ஆய்வுக்காக அமைக்கப்பட்ட ஒன்று. தனியொரு வீட்டின் கதையாக இதனைக் கொள்ளவேண்டாம். நிறைகளும் நீளங்களும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையோடு வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வகையில் தரப்பட்டுள்ளன.

குடும்பப் பின்னணி

தாய்க்கு வயது 29. இது முதற்பிள்ளை. தகப்பனுக்கு 36, கட்டாரில் வேலை செய்து ஒப்பந்தம் முடிந்து, பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது ஊர் திரும்பியவர். வீட்டில் தாயின் தாயும் உடனிருக்கிறார். பிரசவத்தின் பின் பத்தியக்கறி, சரக்குத்தண்ணி, பால்சுறா வறை என்று மகளைக் கவனித்து, முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் பிள்ளையின் வாயிற் படாமற் காத்தவர் அவரே. அந்தக் காலப்பகுதி குறித்துக் குறைசொல்ல எதுவுமில்லை.

கவலை தகப்பனிடமிருந்து தொடங்கியது. வெளிநாட்டில் வழமையான மருத்துவப் பரிசோதனை ஒன்றின்போது அவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருப்பது தெரியவந்தது. அவருடைய தகப்பனாருக்கு அதே நோயினால் கால்விரல் ஒன்று அகற்றப்பட்டிருந்தது. அந்த மனநிலையோடு வீட்டுக்கு வந்தவர் முதன்முதலாகக் கையில் ஏந்தியது, தொடையில் மூன்று மடிப்பும் மணிக்கட்டில் கயிறு கட்டினாற்போன்ற கோடும் விழுந்த, காப்பு கழற்ற முடியாத ஒரு பிள்ளையை. அம்மம்மாவுக்கு அந்த மடிப்புகள் பெருமை. கண்ணூறு பட்டுவிடுமென்று வெள்ளிக்கிழமைதோறும் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். தகப்பனுக்கு அவை வரப்போகும் நோயின் முன்னறிவிப்பு. “எங்கட பக்கத்தில சீனி வருத்தம் இல்லாத ஆள் இல்லை, டொக்டர். இவனாவது தப்பட்டும் எண்டுதான் செய்தனாங்கள்” என்று அவர் சொன்னதில் அலட்சியம் எதுவும் இல்லை. பிள்ளையின் உணவைக் குறைத்த பெற்றோரைக் கண்டவுடன் கண்டிக்கத் தோன்றும். ஆனால் இவ்வச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேளாமற் கொடுக்கும் அறிவுரை வாசலைத் தாண்டாது என்பது என் எண்ணம்.

பல்லுக்கொழுக்கட்டை அவித்த அன்று நிலைமை முற்றியது. வந்திருந்த உறவினர் ஒருவர், மூதூரில் இருக்கும் தன் பேரன் இவனுக்கு ஒரு கிழமை மூத்தவன், ஆனால் 7.7 கிலோதான், ஓடியாடித் திரிகிறான் என்றார். இன்னொருவர் இவன் இன்னமும் தவழவில்லையே என்று கேட்டார். இரண்டும் பொருளற்ற ஒப்பீடுகள். எட்டு மாத ஆண் குழந்தைக்கு 7.7 கிலோவும் சாதாரண நிறைதான், 10 கிலோவும் சாதாரண நிறையாயிருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழத் தொடங்கும் வயது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. நலமான குழந்தைகளுள்ளும் சிலர் அவ்வாறு தவழாமலேயே எழுந்து நடந்துவிடுகிறார்கள். இவற்றை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எவருமில்லை.

கொப்பியில் இருந்தவை

பிறப்பு நிறை 3.5 கிலோ, நீளம் 51 சென்ரிமீற்றர். ஒரு மாதத்தில் 5.1 கிலோ, இரண்டில் 6.7, நான்கில் 8.6, ஐந்தில் 9.2, ஆறில் 9.7. நான்காம் மாத நீளம் 66 சென்ரிமீற்றர். ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் நிறை 10.0 கிலோவாகவே நின்றது, ஒன்பதில் 9.9.

இவற்றை வாசிக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் இந்நிகழ்வின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் வளர்ச்சிக் கோடுகள் உலக சுகாதார நிறுவனத்தினால் 2006 இல் வெளியிடப்பட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் ஊட்டப்பட்டு, புகைபிடிக்காத தாய்மாரிடம், தடையற்ற சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து அவை வரையப்பட்டன. ‘வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கோடு எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துமா’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. அளக்கப்பட்ட இடங்களுள் புதுடில்லியும் ஒன்று என்பதும், வளர்ப்புச் சூழல் ஒத்திருந்தால் முதல் ஐந்து வருட நீள வளர்ச்சி நாட்டுக்கு நாடு பெரிதாக வேறுபடவில்லை என்பதுமே அதற்குரிய விடை.

ஆறு மாத ஆண் குழந்தையின் இடைய நிறை, அதாவது பாதிப் பிள்ளைகள் மேலும் பாதிப் பிள்ளைகள் கீழும் நிற்கும் நிறை, 7.9 கிலோ. இடையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் அலகான நியம விலகல் ஒன்று மேலே 8.8, இரண்டு மேலே 9.8. ஆகவே 9.7 என்பது உயர்ந்த எல்லைக்கு மிக அருகில், எனினும் அதற்குள் இருந்த நிறை. பிறப்பில் இடையத்துக்குச் சற்றே மேல் இருந்த கோடு நான்கு மாதத்துக்குள் மேலேறி, பின்னர் அந்த உயரத்திலேயே வளைவைப் பின்பற்றிச் சென்றது. தாய்ப்பால் மாத்திரம் பெறும் குழந்தைகளிற் பலர் முதல் மூன்று, நான்கு மாதங்களில் இவ்வாறு வேகமாக ஏறுவதும், அதன்பின் மெதுவாவதும் நன்கறியப்பட்ட போக்கு. உடற்கொழுப்பும் இக்காலத்தில் இயல்பாகவே கூடுகிறது: ஏறக்குறைய ஆறு மாதமளவில் உடல் நிறையின் கால்வாசி கொழுப்பாயிருக்கும், தவழ்ந்து, நின்று, நடக்கத் தொடங்கியபின் அது குறைந்துகொண்டே போகும். சிறுபராயத்தில் இவ்வளவு கொழுத்திருப்பது முறையாக இருக்கும் வேறு கட்டம் கிடையாது.

ஆனால் வயதுக்கேற்ற நிறை மாத்திரம் ஒரு பிள்ளை பருமனா என்று சொல்லாது. நெடிய பிள்ளை நிறையாகவே இருக்கும். நீளத்துக்கேற்ற நிறையைப் பார்த்தாற்றான் பருமன் தெரியும். அது இரண்டு நியம விலகலுக்கு மேற்சென்றால் மிகை நிறை என்றும், மூன்றுக்கு மேற்சென்றால் உடற்பருமன் என்றும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வகுக்கப்படுகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது கவனித்துவர வேண்டிய பகுதி. அதற்கு நோய்ப்பெயர் எதுவும் இல்லை. நிறையை மாதந்தோறும் பார்க்கிறோம். நீளத்தையோ இடைவிட்டுத்தான் அளக்கிறோம். போசணைக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கவென்று நெடுங்காலமாகப் பழக்கப்பட்ட கண், கோடு கீழே இறங்குவதைக் காண்பதுபோல மேலே ஏறுவதைப் பொருள்கொள்ளப் பழகவில்லை. கொழுத்த பிள்ளையின் தாய்க்குக் கிளினிக்கில் ‘நல்ல பிள்ளை’ என்ற ஒரு சொல்லும் அடுத்த திகதியும் கிடைக்கும். மெலிந்த பிள்ளையின் தாய்க்குக் கால் மணி நேரம் கிடைக்கும்.

ஒரு தவறான நீளம்

எட்டாம் மாதத்தில் பெற்றோர் பிள்ளையைத் தனியார் இடமொன்றுக்குக் கொண்டுசென்றிருந்தனர். அங்கே துணிக்கடை நாடா ஒன்றினால் உச்சி முதல் பாதம் வரை அளந்து 69 சென்ரிமீற்றர் என்று துண்டொன்றில் எழுதிக் கொடுத்து, பிள்ளை மிகை நிறை என்றும் சொல்லி அனுப்பினார்கள். கணக்கில் பிழையில்லை. 69 சென்ரிமீற்றருக்கு 10 கிலோ என்பது இரண்டு நியம விலகற் கோட்டுக்கு மேலேதான் விழும். பிழை நாடாவில் இருந்தது.

அத்துண்டைக் கொப்பிக்கு அருகில் வைத்துப் பார்த்தபோது இரண்டு கருதுகோள்கள் எழுந்தன. நான்காம் மாதத்தில் 66 ஆக இருந்தவன் எட்டில் 69 தான் என்றால், இடையக் குழந்தை ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர் வளரும் காலத்தில் இவன் மூன்றே வளர்ந்திருக்கிறான். நிறை கூடி நீளம் நின்றுபோவது குழந்தை மருத்துவத்தில் மிக முக்கியமான எச்சரிக்கை. பாலினால் பருமனாகும் குழந்தை நீளமாகவும் வளரும். சுரப்பிக் கோளாற்றினாலோ மருந்தினாலோ பருமனாகும் குழந்தை குட்டையாகும். எனவே ஒன்றில் இது உண்மையான நோய், அல்லது அளவு தவறு. இரண்டாவதை முதலில் நீக்கவேண்டும். அதற்குச் செலவு இல்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்கவைத்து, அளவுப் பலகையில்தான் அளக்கவேண்டும். ஒருவர் தலையை நிலைப்பலகையோடு முட்டவைத்து, கண்கள் நேரே மேல்நோக்கும்படி பிடிக்க, மற்றவர் முழங்கால்களை மெதுவாக அழுத்தி நிமிர்த்தி, பாதங்கள் செங்குத்தாக நிற்கும்படி நகரும் பலகையைக் கொண்டுவந்து வாசிக்கவேண்டும். குழந்தையின் இயல்பு மடங்கிக் கிடப்பது. நாடா வைத்து ஒருவர் தனியே அளந்தால் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் காணாமற்போவது எளிது. இம்முறை பலகையில் இருதடவை அளந்து பெற்ற நீளம் 74.1 சென்ரிமீற்றர். ஒன்பது மாதத்துக்கு அது ஒரு நியம விலகலுக்கு மிக அருகில். நான்காம் மாதத்திலும் அவன் அதே கோட்டிலேயே இருந்தான். அந்நீளத்துக்கு 9.9 கிலோ என்பது இடையத்துக்கும் ஒரு நியம விலகலுக்கும் இடையில், சாதாரணத்தின் நடுவில் விழுகிறது. எட்டாம் மாதத்திலும், கோட்டின்படி 73 அளவில் இருந்திருக்கக்கூடிய பிள்ளைக்கு 10 கிலோ என்பது ஒரு நியம விலகலைச் சற்றே தாண்டிய நிறைதான். மிகை நிறை அன்று.

ஆக, எந்த மிகை நிறையைக் குறைக்கவென்று இக்குடும்பம் மூன்று மாதம் பாடுபட்டதோ அது எந்த மாதத்திலும் இருக்கவில்லை.

வேறு நோய்களை நீக்குதல்

நீளம் சரியானதும் சுரப்பிக் கோளாறு பற்றிய ஐயம் பெரும்பாலும் விலகிவிட்டது. எனினும் கேட்கவேண்டியவற்றைக் கேட்டோம். பிறந்தவுடன் தசை தளர்ந்து, பால் இழுக்க வலுவற்றிருந்து, பின்னாளில் அடங்காப் பசியோடு பருமனாகும் மரபணு நோயொன்று உண்டு. இவன் பிறந்த மணித்தியாலத்துக்குள் பால்குடித்தவன். முகத்தோற்றம், விரல்கள், விதைகள், கண்பார்வை யாவும் இயல்பாயிருந்தன. உதவியின்றி உட்கார்ந்தான்; கையிலிருந்து கைக்குப் பொருளை மாற்றினான்; அம்மம்மாவின் குரல் கேட்ட பக்கம் திரும்பினான்.

ஒரு கேள்வியை மாத்திரம் இருமுறை கேட்டேன்: நப்பி கட்டுமிடத்துச் சிவப்புக்கு ஏதேனும் கிறீம் பூசினீர்களா? நமது வெக்கையில் இச்சிவப்பு சாதாரணம். மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கக்கூடிய கடுமையான ஸ்டீரொய்ட் கிறீமைக் கிழமைக்கணக்கில் பூசுவதும் அரிதன்று. குழந்தையின் மெல்லிய தோல், அதுவும் நப்பியால் மூடப்பட்ட நிலையில், அம்மருந்தை உடலுக்குள் ஏராளமாக இழுத்துக்கொள்ளும்; முகம் நிலாப்போல் உருண்டு, நிறை ஏறி, நீளம் நின்றுபோகும். ‘திடீரென்று நன்றாகத் தேறிவிட்டான்’ என்று வீட்டார் மகிழும் பிள்ளைகளுள் ஒருசிலரின் தேறுதலுக்கு இதுவே காரணம். இவ்வீட்டில் தேங்காயெண்ணெய் தவிர வேறெதுவும் பூசப்படவில்லை.

ஆறாம் மாதத்தின் பின் தட்டில் இருந்தவை

தகப்பனின் யோசனையின்படி இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை பால் நிறுத்தப்பட்டது. அழுதால் போத்தலில் கொதித்தாறிய நீர். பகலில் சோற்றுக்கஞ்சியின் தெளிவு, வடித்த கரட் சூப், அப்பிள் சாறு. தேங்காய்ப்பாலும் நெய்யும் கொழுப்பென்று விலக்கப்பட்டன, முட்டையும் அவ்வாறே. மீனை விலக்கியவர் அம்மம்மா, வேறு காரணத்துக்காக: கிரந்தி, அதாவது தோலில் கொப்புளமும் சொறியும் வரச்செய்யும் என்ற நம்பிக்கை. கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில், நாள்தோறும் சூடையும் கீரியும் கூடையில் வந்திறங்கும் ஊரில், ஒருவர் கொழுப்பென்றும் மற்றவர் கிரந்தியென்றும் விலக்கியதில் பிள்ளைக்கு மிஞ்சியது தண்ணீரும் மாச்சத்துமே. இதற்கிடையில் பேரன் மெலிகிறானென்று மனம் பொறாத அம்மம்மா, மருமகன் வெளியே போன நேரங்களில் தேநீரில் தோய்த்த பிஸ்கற் ஊட்டிவந்தார். நுண்போசணைத் தூள் பக்கற்றுகள் கிளினிக்கில் கொடுக்கப்பட்டிருந்தன. பசியைத் தூண்டிவிடும் என்ற அச்சத்தில் அவை அலுமாரியில் பிரிக்கப்படாமற் கிடந்தன.

வைத்தியப் பரிசோதனையில் பிள்ளையின் கன்னங்கள் இன்னமும் உருண்டையாகவே இருந்தன. கீழிமையை இழுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே வெளிறியிருந்தது தெரிந்தது. தாயும் அப்போதுதான் சொல்லத் தொடங்கினார்: சிணுங்கல் கூடிவிட்டது, இரவில் நித்திரை இல்லை, மலம் இறுகிப்போகிறது, முன்போல் விளையாட்டில் நாட்டமில்லை. பசியால் அழுகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் சொன்னால் வீட்டில் சண்டை வரும். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 9.6 கிராம், செங்குருதிக் கலங்கள் சிறுத்திருந்தன, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் லீற்றருக்கு 7 மைக்ரோகிராம். ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தச்சோகை என்றும், பெரிட்டின் 12 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டதென்றும் உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. கலங்கள் சிறுத்திருப்பதற்கு நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாற்றின் காவி நிலையும் ஒரு காரணமாகலாம். ஆனால் பெரிட்டின் இவ்வளவு தாழ்ந்திருக்கையில் முதலில் இரும்பைக் கொடுத்து, ஏறாவிட்டால் அதைத் தேடுவது முறை.

கொழுத்த பிள்ளைக்கு எப்படி இரத்தம் குறையும் என்று தகப்பன் கேட்டார். இந்த நிகழ்வில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தாயிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அச்சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் போதும். தாய்ப்பாலில் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் அளவு மிகக் குறைவு. ஒரு லீற்றரில் அரை மில்லிகிராமும் இல்லை. உடல் பெருக்கும்போது இரத்தத்தின் கனவளவும் பெருக்கும், ஒவ்வொரு புதிய செங்குருதிக் கலத்துக்கும் இரும்பு வேண்டும். எனவே 3.5 கிலோவிலிருந்து 9.7 கிலோவுக்கு ஆறு மாதத்தில் ஏறிய பிள்ளை, அதே சேமிப்போடு பிறந்து 7.5 கிலோவில் நிற்கும் பிள்ளையைவிட விரைவாகத் தன் இருப்பைச் செலவழித்துவிடும். விரைந்து வளரும் குழந்தைக்குத்தான் ஆறாம் மாதத்தில் மீனும் முட்டையும் ஈரலும் பருப்பும் கூடுதல் அவசரமாக வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான், கொழுத்திருக்கிறான் என்ற காரணத்தாலேயே, அவை மறுக்கப்பட்டன. தேநீரிலுள்ள தனின், வந்துசேர்ந்த சொற்ப இரும்பையும் குடலில் கட்டிப்போட்டது.

மருத்துவமும் பேச்சும்

மருந்து எளிது. உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு, பால் குடிக்கும் நேரத்திலிருந்து சற்று விலக்கி. மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்ற முன்னறிவிப்போடு. மருந்துப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். இரும்பு மருந்தை அளவுக்குமீறிக் குடித்துவிடும் சிறுபிள்ளைக்கு அது உயிராபத்தானது.

உணவு பற்றிய பேச்சு அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. தகப்பனிடம் ‘குழந்தைக்குச் சீனி வருத்தம் வராது’ என்று உறுதி கொடுக்க எவராலும் முடியாது, கொடுக்கவும் இல்லை. குடும்பத்தில் அந்நோய் இருப்பது உண்மை. முதலிரு வருடங்களில் மிக விரைவாக நிறையேறும் குழந்தைகளில், ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது, பிற்காலப் பருமன் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதும் உண்மை. ஆனால் அக்கூட்டத்தில் உள்ள தனிப்பிள்ளைகளுள் மிகப்பலர் நடக்கத் தொடங்கியதும் நீண்டு மெலிந்துவிடுகிறார்கள். தாய்ப்பாலினால் நான்கு மாதத்தில் ஏறி அதே கோட்டில் நிற்பதும், மாப்பாலைக் கரண்டி குவித்துக் கரைத்துப் புகட்டி மாதாமாதம் கோடுகளைத் தாண்டவைப்பதும் ஒன்றல்ல. இரண்டு வயதின் பின்னும் பருமனாகவே இருப்பதுதான் கூடுதல் கவனத்துக்குரியது. எந்தக் கணக்கின்படியும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் கொழுப்பைக் குறைப்பது மருத்துவம் ஆகாது. தாய்ப்பாலின் சக்தியில் ஏறத்தாழ அரைவாசி கொழுப்பிலிருந்தே வருகிறது. வளரும் மூளைக்கு அது தேவை. பெரியவருக்குரிய உணவுக் கட்டுப்பாட்டைச் சிறிய தட்டில் பரிமாற முடியாது.

இவ்விடத்தில் தகப்பன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப நான் என்ன செய்யிறது?” என்றார். செய்யக்கூடியவை இருந்தன: சீனி போட்ட பானமும் பழச்சாறும் பிஸ்கற்றும் வீட்டுக்குள் வராமற் பார்ப்பது, பிள்ளை வாயை மூடித் தலையைத் திருப்பினால் அத்தோடு ஊட்டலை நிறுத்துவது, தொலைபேசியைக் காட்டிச் சோறூட்டாதிருப்பது, கட்டிலிலும் கதிரையிலும் அடைத்துவைக்காமல் நிலத்தில் பாய் விரித்து உருளவிடுவது, தன்னுடைய சீனியை ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்வது. அவர் ஊர் வந்தபின் ஒருமுறையேனும் அதைப் பார்த்திருக்கவில்லை.

அம்மம்மாவோடு பேசியவர் குடும்பநல உத்தியோகத்தர். மீன் கிரந்தியா இல்லையா என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை. பிள்ளை பெற்ற மகளுக்குப் பால்சுறா அவித்துக் கொடுத்தீர்கள்தானே, அந்தப் பாலைக் குடித்துத்தானே இவன் இப்படி வளர்ந்தான் என்று கேட்டார். பாட்டி சிரித்துவிட்டு, முள்ளில்லாத மீனென்றால் பார்க்கலாம், மிஸ் என்றார். என்னுடைய விரிவான விளக்கங்கள் எதுவும் இவ்வளவு தூரம் போயிருக்குமோ தெரியாது.

தட்டு இவ்வாறு மாறியது: பால் கேட்கும்போதெல்லாம், இரவிலும், கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத தடிப்பில் சோறும் பயறும் மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்து, நாளுக்கு மூன்று வேளை, ஒரு வேளையாவது முள் நீக்கிய மீன், முட்டை அல்லது கோழி ஈரல், முருங்கைக்கீரை, இரும்பு உறிஞ்சப்பட உதவும் வகையில் பப்பாசியோ தோடம்பழமோ கொய்யாவோ மசித்து, சாறாக அல்லாமல். நுண்போசணைத் தூளை, இரும்பு மருந்து கொடுக்கும் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கச் சொன்னோம். தேன் ஒரு வயது வரை கூடாது என்பதையும் சொல்லவேண்டியிருந்தது, ஏனெனில் இருமலுக்கென்று ஒரு போத்தல் ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தது.

தொடர் அவதானம்

ஐந்து கிழமைகளின் பின் ஹீமோகுளோபின் 10.9 கிராம். ஒரு மாதத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறியது இரும்புக் குறைபாட்டையே உறுதிசெய்தது. தலசீமியாவைத் தேடவேண்டிய தேவை எழவில்லை. சேமிப்பு நிரம்புவதற்காக மருந்து மேலும் இரண்டு மாதம் தொடரப்பட்டது. சிணுங்கல் இரத்தம் ஏறுவதற்கு முன்பே, முதற் கிழமையிலேயே குறைந்ததாகத் தாய் சொன்னார். அது பசி அடங்கியதால் இருக்கலாம்.

பன்னிரண்டாம் மாதத்தில் நிறை 10.7 கிலோ, நீளம் 78 சென்ரிமீற்றர்; இரண்டும் ஒரு நியம விலகலை ஒட்டியவை. கதிரையைப் பிடித்து நடக்கிறான். தொடை மடிப்பு மூன்றில் ஒன்று மறைந்திருக்கிறது. அதை யாரும் மறைத்ததல்ல. நிறை மூன்று மாதத்தில் 800 கிராம்தான் ஏறியிருக்கிறதே என்று இப்போது தாய்க்குக் கவலை. முதல் மாதங்களில் ஒரே மாதத்தில் அதைவிடக் கூடுதலாக ஏறியவனாயிற்றே என்று அவர் கேட்பது நியாயமே. ஆனால் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இடையக் கோடே ஏழுநூறு கிராம்தான் ஏறுகிறது என்பதை அதே கொப்பியில் விரல் வைத்துக் காட்டியபின் அவர் தேறினார்.

நீளத்துக்கேற்ற நிறையைப் பதினெட்டாம் மாதத்திலும் இரண்டு வயதிலும் பலகையில் அளந்தே குறிக்கும்படி கொப்பியின் முன்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. தகப்பன் தன் பரிசோதனைக்காகத் திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்திருக்கிறார். அம்மம்மாவின் தேநீர் பிஸ்கற் விடயத்தில் மாத்திரம் வீட்டில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. கிழமைக்கு ஒன்று என்று அவரும், ஒன்றுமேயில்லை என்று மருமகனும் நிற்கிறார்கள்.